சோறும் கட்டணமும்

குடும்பத்தின் 'முதல் பட்டதாரி' என்ற தகுதியைச் சலுகைக்குரியதாகத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010-இல். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வியில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே கட்டியது. ஆனால் முதல் தலைமுறை மாணவரைக் கரைசேர்க்கும் முயற்சி அதைவிட ஏறத்தாழ நூறாண்டு மூத்தது. அது கட்டணத்தை அல்ல, சோற்றையும் படுக்க இடத்தையும் நாடித் தொடங்கியது. 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிய சுவாமி சகஜானந்தர் பள்ளியோடு விடுதியையும் நடத்தினார். 1944-இல் இந்திய அரசு பட்டியல் சாதியினருக்குத் தொடங்கிய மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையிலும் கட்டணத்துடன் பராமரிப்புப் படி உண்டு. விடுதியில் தங்குபவருக்கு ஒரு வீதம், வீட்டிலிருந்து வருபவருக்கு வேறு வீதம். காரணம் எளிது. படித்த வீட்டுப் பிள்ளைக்குப் பட்டணத்தில் ஒரு மாமா வீடாவது இருக்கும். மற்றவருக்கு விடுதிதான் வீடு. அரியருக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது, உதவித்தொகைப் படிவத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல வீட்டில் ஆளில்லாதவருக்கு, அடுத்த அறை சீனியர்தான் அண்ணன்.

ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனியே நடந்த இத்தகைய விடுதிகள் சாதியைக் கட்டிக் காத்தன என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பொது இடம் என்று சொல்லப்பட்டவை எப்படி இருந்தன? தேசியக் கல்வி என்ற பெயரில் நடந்த சேரன்மாதேவி குருகுலத்திலேயே பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1920-களில் பெரும் சர்ச்சை எழுந்தது. பந்தியே பொதுவாக இல்லாத காலத்தில் தனி விடுதியைக் குறை சொல்வது, காயத்தை விட்டுவிட்டுக் கட்டைக் குறை சொல்வதுதான்.

சுயநிதிக் கல்லூரிகள் பெருகிய பிறகு கட்டணமே பெரிய தடையாகிவிட்டதே என்ற வாதம் இன்னும் வலுவானது. 2010 சலுகை பல வீடுகளின் கடனைக் குறைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் பார்வை சேர்க்கையோடு நின்றுவிடுகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி அக்கா சேர்ந்தால் தம்பிக்குச் சலுகை இல்லை. அவள் தேறும் முன்பே, காகிதத்தில் அது பட்டதாரிக் குடும்பமாகிவிடுகிறது! கலை, அறிவியல் படிப்போர் இதன் வரம்பிலேயே இல்லை. 2022-இல் வந்த புதுமைப் பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்கள் மாதம் 1,000 ரூபாயை மாணவர் கணக்கிலேயே போடுகின்றன. பழைய பராமரிப்புப் படியின் தர்க்கம் இதில் திரும்பியிருக்கிறது. பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அது உதவும். விடுதி மெஸ் கட்டணத்துக்கு அது போதாது. படிவத்தில் எங்கே கையெழுத்து என்று சொல்லும் சீனியரும் அந்தப் பணத்தோடு வருவதில்லை.