குரோஸ் கணக்கு

வடசென்னையில் மெட்ரோ ரயில் ஏறுகிறவர்களுக்கு விம்கோ நகர் என்ற பெயர் தெரியும். அது ஊர்ப்பெயர் இல்லை, திருவொற்றியூரில் இருந்த தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியை சுவீடன்காரர்கள் 1923இல் தொடங்கினார்கள். கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலை ஆரம்பித்ததும் அதே ஆண்டில்தான்.

திருவொற்றியூரில் குச்சியை மெழுகில் நனைப்பது, மருந்தில் தோய்ப்பது, உலர்த்துவது எல்லாம் இயந்திரத்தின் வேலை. ஷிப்டுக்கு எத்தனை ஆள், எத்தனை பெட்டி என்று பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிவகாசிப் பக்கம் எல்லாம் கைவேலை. குச்சியைக் கட்டையில் அடுக்கியவர்களும் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியவர்களும் பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள். கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. சிட்டையில் பெட்டியின் எண்ணிக்கை ஏறியது. ஒட்டியவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், கூட எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்தார்கள் என்று எழுத அதில் இடமில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் மின்விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்றுதான் எண்ணத் தொடங்கியது. திண்ணை எப்போது தொழிற்சாலை ஆயிற்று?

நல்ல இயந்திரமும் ஒழுங்கான தகவல் முறையும் உள்ள நிறுவனம் முந்தும் என்று நிர்வாகவியல் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். தீப்பெட்டியில் அப்படி நடக்கவில்லை. போகப் போகக் கைப்பெட்டிதான் சந்தையைப் பிடித்தது. அரசு அதற்குக் கலால் வரியைக் குறைத்தது ஒரு காரணம். பொருளாதாரம் படித்தவர்கள் அதை விரிவாகப் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. இயந்திரத்துக்கு எண்ணெய், பழுது, தேய்மானம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கில் செலவு எழுத வேண்டும். திண்ணையின் இரவு நேரத்துக்கு எந்தச் செலவும் எழுதவேண்டியதில்லை. விலையைக் குறைத்தது அந்த எழுதாத நேரம்தான். விம்கோ 2005இல் ஐடிசி கைக்குப் போனது.

திண்ணைப் பிள்ளைகளைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'கூட்டுக்குஞ்சுகள்' நாவல் எழுதினார். எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: அபாயத் தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், ஆறு மாதத்துக்குள் கணக்கெடுக்க வேண்டும், குழந்தைக்குப் பதிலாக வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி பார்க்க வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அம்மா அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வேலையில்தான் இருந்தாள்.