கணக்கு போடும் மென்பொருள்: கட்டணம் கட்டாமலும் கற்கலாம்

உங்கள் பிள்ளை காம்பார் யுடார் வளாகத்தில் பொறியியலோ அறிவியலோ படிக்கிறாரா? 'கணினி இயற்கணிதம்' என்ற பேச்சு வீட்டில் எழலாம்.

அது என்ன?

சாதாரண கல்குலேட்டரில் 8-இன் வர்க்கமூலத்தைத் தட்டினால் 2.828427 என்று வரும். அது தோராயமான விடை. கணினி இயற்கணித மென்பொருள் 2√2 என்று துல்லியமாகச் சொல்லும். எண்ணுக்குப் பதில் எக்ஸ், ஒய் என எழுத்துகளைக் கொடுத்தாலும் சுருக்கும், வகையிடும், தொகையிடும்.

காசு கட்டணுமா?

'மேத்தமெட்டிக்கா', 'மேப்பல்' இரண்டும் கட்டண மென்பொருள்கள். 'மேக்சிமா' இலவசம். அதன் மூதாதை 1968-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாகத் தொடங்கியது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு 'சிம்பை' உண்டு. அதுவும் இலவசம்தான்.

அப்படியே நம்பலாமா?

எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம் என்ன? பலர் சட்டென 'எக்ஸ்' என்பார்கள். சிம்பை அப்படிச் சுருக்காது. எக்ஸ் -3 என்றால் வர்க்கம் 9, அதன் மூலம் 3, -3 இல்லையே! எக்ஸ் நேர்மறை எண் என்று நீங்கள் முதலில் சொல்லணும். ஆக, கணக்கின் நிபந்தனை புரியாதவருக்கு இந்த மென்பொருள் அவ்வளவாக உதவாது.

எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் கையால் போடுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். தொகையீட்டில் இரு விடைகளும் வேறுபட்டால் பதறாதீர்கள். இரண்டையும் வகையிட்டுப் பாருங்கள். ஒரே கோவை வந்தால் இரண்டும் சரியே. தேர்வு அறையில் மடிக்கணினி இருக்காது. அங்கே கைகொடுப்பது கையால் போட்டுப் பழகிய கணக்குதான்.