வாய் திறக்க முடியலையா? தாடை மூட்டுக்குள்ள என்ன நடக்குது?

காதுக்கு முன்னால் வலி, மெல்லும்போது 'டக் டக்' சத்தம். திடீர்னு ஒருநாள் வாய் பாதிக்கு மேல் திறக்கவில்லை. காது வலின்னு நினைச்சு சொட்டு மருந்து விடுறவங்க உண்டு. ஆனால், சிக்கல் தாடை மூட்டில் இருக்கலாம்.

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

தாடை எலும்புக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே மெத்தை போல ஒரு தட்டு உண்டு. வழவழப்பான திரவத்தில்தான் அது நகர்கிறது. அடிபடுவது, பல்லை நறநறவெனக் கடிப்பது, முடக்குவாதம் போன்றவற்றால் மூட்டில் அழற்சி வந்தால் அந்த வழவழப்பு குறையும். நாளடைவில் நார் போன்ற இழைகள் உருவாகி, தட்டு மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாயில் வைத்துப் பாருங்க. பெரியவர்களுக்கு சராசரியாக 40 மி.மீ. திறக்க வேண்டும். விரல்கள் நுழையலைன்னா பல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பாக்கு, குட்கா பழக்கம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்க. அதனால் வாயின் உள்சதை இறுகுவது வேறு நோய்.

சிகிச்சை என்ன?

முதலில் மென்மையான உணவு, ஒத்தடம், மாத்திரை, தாடைப் பயிற்சி. பலன் இல்லைன்னா, இரண்டு ஊசிகள் வழியாக உப்புநீர் செலுத்தி மூட்டைக் கழுவுவார்கள். இழைகள் தடித்துவிட்டால் நுண்துளை அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

வாயை வலுக்கட்டாயமாக இழுத்துத் திறக்காதீங்க. சீக்கிரம் போனால் கத்தியில்லாமலே சரியாக வாய்ப்பு அதிகம்.