1868ஆம் ஆண்டுக் கிரகணமும் உலகம் தோன்றிய கதையும்



2016ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் காலையில் நம் கெடா மாநிலத்திலும் சூரிய கிரகணம் தெரிந்தது. அதற்கு முதல் நாள் வகுப்பில், சூரியனை ராகு விழுங்குவதில்லை, நிலவுதான் குறுக்கே வந்து மறைக்கிறது என்று பாடம் நடத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாட்டிமார் சொல்வதெல்லாம் பொய் என்று ஒரு வார்த்தையைக் கூடச் சேர்த்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவனின் பாட்டி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"வாத்தியாரே, நிலாதான் மறைக்குதுன்னு சொல்லிக் குடுங்க, வேணாங்கல. ஆனா எம் பேரன் இப்ப கோயிலுக்கு வரமாட்டேங்குறான். சாமியும் பொய்யாம். ஒலகம் தானா வெடிச்சு வந்துச்சாம். நீங்களா அப்படிச் சொன்னீங்க?"

அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்ன ஒரு வார்த்தையில் வந்த வினைதான் அது. அந்த அம்மாவுக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தபோது 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த ஒரு முழுச் சூரிய கிரகணம் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதன் நிழல் இந்தியாவைக் கடந்து, நமக்கு வடக்கே சயாம் நாட்டின் மேல் சென்றது. அப்போது கெடா சயாமுக்குப் பொன்மலர் மரம் அனுப்பிவந்த காலம். மூடா ஆற்றுக்குத் தெற்கே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் கிரகணம் முழுமையானதல்ல. மேகம் மறைக்காதிருந்தால் அவர்களும் அந்தத் தேய்ந்த சூரியனைப் பார்த்திருப்பார்கள்.

சயாமின் மன்னர் அப்போது மோங்குட். அரியணை ஏறுமுன் 27 ஆண்டுகள் புத்த பிக்குவாக இருந்தவர். சயாமியருக்கும் ராகு கதை உண்டு. மன்னரோ பழைய நூல்களையும் மேல்நாட்டு வானநூலையும் சேர்த்துப் படித்து, முழு மறைப்பு எங்கே, எப்போது தெரியும் என்று தாமே கணக்கிட்டார். அரண்மனைச் சோதிடர்களின் கணக்கு அவர் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. அவர் குறித்த இடம் வாகோ என்னும் காட்டுக் கடற்கரை. பிரெஞ்சு விஞ்ஞானிகளும் நம் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஹாரி ஆர்டும் அங்கே வந்திருந்தார்கள். சொன்னபடி சூரியன் மறைந்தது. ஆறு நிமிடங்களுக்கு மேல் இருள். அந்தக் கரையில் மன்னருக்கு மலேரியாக் காய்ச்சல் பற்றியது. அக்டோபர் 1ஆம் நாள் காலமானார். கணக்கு பலித்தது, கொசுவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே நாளில் வனபர்த்தி என்னும் ஊரில் சென்னை வானாய்வகத்தின் குழு ஒன்று தொலைநோக்கியோடு காத்திருந்தது. அதன் தலைவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். அதற்கு முந்திய ஆண்டில்தான் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறுநூல் வெளியிட்டார். அவர் பஞ்சாங்கத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துப்போகும்படி அதைத் திருத்த வேண்டும் என்றார். நம் கோயில்களில் சனிப் பெயர்ச்சி வந்தால் வாக்கியமா, திருக்கணிதமா என்று வழக்கு எழுகிறதே, அந்த வழக்கில் திருக்கணிதத்தின் பக்கம் நின்றவர் அவர். 1880இல் மறைந்தார். வழக்கு இன்னும் தீரவில்லை!

இனி உலகத் தோற்றத்துக்கு வருவோம். சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே பிரித்தால் நிறமாலை கிடைக்கும். ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் அதில் தனிக் கோடுகள் உண்டு, நம் கைரேகையைப் போல. அந்தக் கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பில் மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. அது சோடியத்தின் கோடு என்றே முதலில் பலர் எண்ணினர். மசூலிப்பட்டினத்தில் நின்று பார்த்த சென்னை வானாய்வகத் தலைவர் போக்சன், அது சோடியத்தின் இடத்தில் இல்லை என்று குறித்தார். அக்டோபரில் இங்கிலாந்தின் லாக்கியரும் அதைக் கண்டார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் புதுப் பொருளுக்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அது கிடைத்தது 1895இல்தான். தைப்பூசத்தன்று பிள்ளைகள் கேட்டு அழும் மிதக்கும் பலூனில் இருப்பது அதுவே.

பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளில், எடைக் கணக்கில், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஹீலியம். விண்மீன்கள் தம்முள்ளே ஹீலியத்தைச் சமைக்கின்றன. ஆயினும் இவ்வளவையும் அவை மட்டும் சமைத்திருக்க முடியாது. பெரும்பகுதி, சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், பிரபஞ்சம் நெருங்கி மிகச் சூடாயிருந்த முதல் சில நிமிடங்களில் உண்டானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். (பலூன் ஹீலியம் வேறு, அது பூமிக்குள் யுரேனியம் போன்றவை சிதைந்து பிறந்தது.)

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதியவர் பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்தர். ரப்பர் தாளில் புள்ளிகள் வைத்து இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் மற்றதை விட்டு விலகும். அண்டங்களும் அப்படித்தான். பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒன்றாய் ஒடுங்கியிருக்க வேண்டும் என்று 1931இல் எழுதினார். வெடி என்று நாம் சொல்வது பட்டாசு வெடிப்பதைப் போன்றதல்ல, வெளியே விரிந்ததுதான்.

இந்த லெமேத்தர் யார் தெரியுமா? கத்தோலிக்கப் பாதிரியார்! 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானம் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்னும் பொருள்படப் பேசினார். மகிழ வேண்டியவர் லெமேத்தர்தானே? அவர் மகிழவில்லை. தம் கணக்கு கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்லாது, பூசை வேறு, கணக்கு வேறு என்பது அவர் நிலை. தொடக்கச் சூட்டின் மிச்சக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 1965இல் வெளியாயிற்று. நோயுற்றிருந்த அவர், 1966இல் மறையுமுன் அதைக் கேட்டறிந்தார்.

2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று பள்ளி விடுமுறை. அட்டையில் ஊசித்துளையிட்டு, பால்மர நிழலோரம் தரையில் சூரியனின் உருவத்தைக் காட்டினேன். அந்தப் பாட்டியும் வந்திருந்தார். அன்று அவர் விரதம். பேரன் ஹீலியத்தின் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சூட்டுக்கு முன்னால என்ன இருந்துச்சு வாத்தியாரே?"

"அது இன்னும் தெரியலம்மா" என்றேன்.

"சரி, அதையும் அவன்கிட்ட சொல்லி வைங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.