மண் சுவருக்கு ஆயிரம் வயது – ஸ்பிதியின் தாபோ மடாலயம்

சிமெண்டும் கம்பியும் போட்டுக் கட்டிய வீடே ஐம்பது வருடத்தில் விரிசல் விடுகிறது. வெறும் மண்ணால் கட்டிய ஒரு கோயில் ஆயிரம் வருடங்களைத் தாண்டி நிற்கிறது என்றால் நம்ப முடிகிறதா? இமாசலப் பிரதேசத்தில், ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருக்கும் தாபோ மடாலயம்தான் அது.

ஸ்பிதி ஒரு குளிர் பாலைவனம். பருவமழை மேகங்களை இமயமலைத் தொடர்கள் தடுத்துவிடுவதால் இங்கே மழை மிகக் குறைவு. மணாலியிலிருந்து வரும் பாதை 4,500 மீட்டருக்கும் உயரமான குன்சும் கணவாயைக் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் பனி மூடி அது மாதக்கணக்கில் அடைபட்டுவிடும். 2020-ல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையும் லாஹௌல் பகுதி வரைதான் உதவும். சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக, சட்லஜ் நதியை ஒட்டி வருவது இன்னொரு பாதை.

இவ்வளவு ஒதுக்குப்புறமான இடத்தில் இப்படி ஒரு மடாலயம் எப்படி வந்தது?

9-ஆம் நூற்றாண்டின் நடுவில் திபெத்தியப் பேரரசு உடைந்தது. அரச ஆதரவு போனதும் பௌத்த மடங்கள் நலிந்தன. அரச வம்சத்தினர் சிலர் மேற்கே வந்து புதிய அரசுகளை அமைத்தார்கள். அவற்றில் ஒன்று குகே. அதன் மன்னர் யேஷே ஓ பௌத்தத்தை மீண்டும் முறையாக வேரூன்றச் செய்ய நினைத்தார். நல்ல ஆசிரியர்கள் அப்போது காஷ்மீரில் இருந்தார்கள். அதனால் 21 இளைஞர்களை அங்கே படிக்க அனுப்பினாராம். வெயிலும் நோயும் தாங்காமல் பலர் இறந்துபோக, இருவர் மட்டுமே திரும்பினார்கள் என்கிறது திபெத்திய மரபு.

அந்த இருவரில் ஒருவர் ரின்சென் சாங்போ (958–1055). ஏராளமான சமஸ்கிருத நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்தவர். அவர் 108 கோயில்கள் கட்டினார் என்று சொல்வார்கள். 108 பௌத்தத்தில் புனித எண் என்பதால் அதை அப்படியே கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. யேஷே ஓவின் ஆதரவில் 996-ல் தாபோ நிறுவப்பட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. உயரம் குறைந்த, மண் நிறக் கட்டடங்கள், தட்டைக் கூரைகள். உள்ளே போனால்தான் ஆச்சரியம்! மண்டபத்தின் சுவர்களில் 32 சுதைச் சிற்பங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. நடுவில் நான்கு திசையும் நோக்கும் வைரோசனர். மண்டபமே ஒரு மண்டலம். சிற்பங்களுக்குக் கீழே நீளமாக ஓடும் ஓவியங்களில் ஒரு பக்கம் புத்தரின் வாழ்க்கை, இன்னொரு பக்கம் சுதனன் என்ற இளைஞனின் யாத்திரை.

சுதனன் ஒரு வணிகர் மகன். கண்டவியூக சூத்திரத்தின் நாயகன். ஞானம் தேடித் தெற்கு நோக்கிப் புறப்பட்டவன், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைச் சந்திக்கிறான். அவர்கள் எல்லோரும் துறவிகள் அல்ல. வாசனைத் திரவிய வியாபாரி, மாலுமி, கணிகை, எண்ணும் கணக்கும் தெரிந்த ஒரு சிறுவன், திராவிட தேசத்து மேகன்... இப்படிப் பலர். படிப்பதற்காகக் காஷ்மீர் வரை நடந்து தோழர்களை இழந்தவர்கள் இந்தக் கதையைச் சுவரில் பார்த்தபோது, அதில் தங்கள் கதையையே கண்டிருப்பார்கள்!

சரி, மண் எப்படி ஆயிரம் வருடம் தாங்கியது? தடித்த சுவர்களும் வறண்ட காற்றும் முக்கியக் காரணங்கள். ஆனால் அவை மட்டும் போதாது. மண்டபச் சுவரில் பழைய கல்வெட்டு போன்ற ஓர் எழுத்து உண்டு. செதுக்கியதல்ல, மையால் எழுதியது. நிறுவி 46 வருடங்கள் கழித்து, 1042-ல், யேஷே ஓவின் வம்சத்தவரான ஜாங்சுப் ஓ கோயிலைப் புதுப்பித்த செய்தியை அது சொல்கிறது. அதாவது, ஐம்பது வருடம் ஆவதற்குள்ளேயே மராமத்து தேவைப்பட்டிருக்கிறது!

வணிகக் கணக்கில் கட்டடத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவார்கள். தாபோவிலோ தேய்மானத்தை எழுதி வைத்ததோடு விடாமல், தலைமுறை தலைமுறையாகச் சரிசெய்தே வந்திருக்கிறார்கள். ஆயிரம் வருடம் என்பது மண்ணின் வலிமையை விட, அதைப் பூசிய கைகளின் வலிமைதான்.

1975 ஜனவரியில் கின்னோரை உலுக்கிய நிலநடுக்கத்தில் தாபோவும் சேதமடைந்தது. பழைய கோயில் பிழைத்தது. பக்கத்தில் புதிய பிரார்த்தனைக் கூடம் எழுந்தது. 1983-லும், ஆயிரமாவது ஆண்டான 1996-லும் தலாய் லாமா இங்கே காலசக்ர வழிபாடு நடத்தினார். இன்று பழைய கோயில்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன.

மண் கூரைக்கு முதல் எதிரி மழை. கூரை கசிந்தால் சேறு ஓவியத்தின் மேலேயே வழியும். இன்னொரு கவலை, கூட்டம். உள்ளே இருட்டுதான். புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. "இவ்வளவு தூரம் வந்தும் படம் எடுக்க முடியவில்லையே" என்று சலித்துக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் வெளியேறுகிறவர்களும் உண்டு.

சுதனன் அப்படிச் செய்யவில்லை. போன இடத்திலெல்லாம் நின்றான், கேட்டான், கற்றான், வணங்கிவிட்டு நகர்ந்தான். ஸ்பிதிக்குப் போகிறவர்கள் ஒரு சின்ன டார்ச் விளக்கோடு கொஞ்சம் பொறுமையையும் எடுத்துப் போனால் போதும். அந்தச் சுவர்கள் பேசும். சுவரைத் தொடாமல் கேட்டால், அடுத்த தலைமுறைக்கும் பேசும்.