தீயில்லாத அடுப்பும் தித்திப்பின் வரலாறும்

ராஜபாளையத்தில் பேருந்து ஏறினால் அரை மணி நேரத்துக்குள் திருவில்லிபுத்தூரை அடைந்துவிடலாம். இந்தச் சிறு தொலைவுக்குள் இனிப்பின் வரலாறு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது என்று நாம் சொன்னபோது நண்பர்கள் சிரித்தனர். அச்சிரிப்புக்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதற்கு வித்திட்டது நம் இல்லத்து நுண்ணலை அடுப்பு, அதாவது மைக்ரோவேவ்.

பிள்ளைகளின் வற்புறுத்தலால் முதலில் வெனிலா கேக் ஒன்றைச் செய்தோம். ஐந்தே நிமிடங்களில் மாவு பொங்கி எழுந்தது. ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டவில்லை. ஆயினும் மேற்புறம் வெளிறிக் கிடந்தது. எங்கள் அத்தை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது வெந்துருச்சா, இல்ல இன்னும் வைக்கணுமா?" என்று கேட்டார். மறுநாள் ஒரு கிண்ணம் மைதாவோடு மூன்று மேசைக்கரண்டி கோகோத் தூளைச் சேர்த்து, சர்க்கரை, பால், தயிர், எண்ணெய், சிறிது பேக்கிங் பவுடர் கலந்து அதே ஐந்து நிமிடம் வைத்தோம். அன்று அந்தக் கேள்வி எழவில்லை. தட்டு காலியாயிற்று. சாக்லெட் எதை மறைத்தது என்ற வினா மட்டும் நம்மிடம் எஞ்சியது.

விடை தேடப் போனால் இரண்டாம் உலகப் போருக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. 1940-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்னும் இருவர் ராடாருக்காக உருவாக்கிய மேக்னட்ரான் குழாயே இவ்வடுப்பின் உயிர்நிலை. 1945-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் அக்கருவியருகே நின்றபோது அவர் சட்டைப்பையிலிருந்த தின்பண்டம் உருகிற்று. அது சாக்லெட் என்பது பரவலான கதை. நிலக்கடலை மிட்டாய் என்பது அவர் குடும்பத்தார் வாக்கு. கோவில்பட்டிக்கு அண்மையில் வாழும் நமக்கு இரண்டாவது கதையின்மீதே சாய்வு உண்டு! 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறத்தாழ 340 கிலோ எடை, ஆளுயரம். சமையலறை மேடைமீது வைக்கத்தக்க சிறிய வடிவம் 1967-இல்தான் அமெரிக்க வீடுகளை எட்டியது.

இவ்வடுப்பில் தீ இல்லை. நொடிக்கு 245 கோடி முறை அதிரும் அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அலைக்கழிக்கின்றன, அவ்வலைச்சலே சூடாகிறது. சுற்றியுள்ள காற்றோ சூடேறுவதில்லை. ஈரமிருக்கும்வரை உணவின் வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டுவதும் அரிது. ரொட்டியின் மேலோடு பொன்னிறமாவதற்கு 140 பாகை செல்சியசையொட்டிய வெப்பம் வேண்டும். ஆகவே நுண்ணலையில் கேக் வேகும், சிவக்காது. சாக்லெட் கேக்குக்கு மட்டும் இக்குறை தெரிவதில்லை. அதன் நிறமும் மணமும் கோகோ விதையை எங்கோ ஓர் ஆலையில் வறுத்தபோதே வந்து சேர்ந்துவிட்டன. நம் வீட்டில் எரியாத தீ வேறோரிடத்தில் முன்பே எரிந்து முடிந்திருக்கிறது.

இனித் திருவில்லிபுத்தூருக்கு வருவோம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். அந்த நேர்த்திக்கடனைச் சில நூற்றாண்டுகள் கழித்து இராமானுசர் நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. அதனாலேயே அவர் ஆண்டாளுக்கு அண்ணன் ஆனார் என்றும் சொல்வர். அக்காரம் என்பது வெல்லம். அடிசில் என்பது சோறு. பாலும் அரிசியும் வெல்லமும் நெய்யும் தீயின்முன் நெடுநேரம் குழைந்தால்தான் அப்பெயருக்குத் தகும்.

அதே ஊரின் இன்றைய அடையாளம் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். அந்நீரின் பெரும்பகுதியை அடுப்பு ஆவியாக்க வேண்டும். அடிப்பிடிக்காமல் ஒருவர் துடுப்பால் இடைவிடாது கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாலின் சர்க்கரையும் புரதமும் நெடுநேரச் சூட்டில் கூடித்தான் அந்த இளம்பழுப்பும் மணமும் பிறக்கின்றன. நுண்ணலை ஐந்து நிமிடத்தில் தரவியலாத நிறம் இது. காலத்தைச் செலவிட்டுப் பெறும் நிறம் எனலாம்.

அப்படியானால் பழைய அடுப்பே உயர்ந்தது என்று முடித்துவிடலாமா? நம்மால் இயலவில்லை. விறகுப் புகையில் கண் சிவந்து, இருமலோடு வாழ்ந்து முடித்த பாட்டிமாரைக் கண்டவர்கள் நாம். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தோன்றியபின், ஷிப்டுச் சங்கை வைத்தே பொழுது கணித்த வீடுகள் பெருகிய ஊர் நம்முடையது. அங்கே ஐந்து நிமிடத்தின் அருமையை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புகையும் தீயும் அற்ற அடுப்பு ஒருவரின் முதுகுவலியைக் குறைக்குமெனில் அது வரவேற்கத்தக்கதே.

ஆயினும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. கோகோக் காயைப் பிளந்து எடுக்கும் விதைகள் ஐந்தாறு நாள் புளிக்க வேண்டும். பின் பல நாள் வெயிலில் உலர வேண்டும். அதன்பின் வறுபட வேண்டும். 1828-இல் ஹாலந்தின் வான் ஹூட்டன் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழியும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே இன்றைய கோகோத் தூள் பரவலாயிற்று. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் இன்று கோகோ ஊடுபயிர். எனினும் உலக விளைச்சலில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளினுடையது. அங்குள்ள தோட்டங்களில் சிறுவர்களும் உழைக்கிறார்கள் என்பது பல ஆண்டுகளாக உலகம் அறிந்த செய்தி. நம் ஐந்து நிமிடம் அவர்களது பல நாள்களின்மீது நிற்கிறது.

பால்கோவா கிண்டுபவரின் வியர்வையைத் திருவில்லிபுத்தூர் வீதியில் நின்று நாம் பார்க்க முடியும். விலை கூடுதல் என்று முணுமுணுக்கும்போது அவர் முகம் நம் எதிரில் இருக்கும். கோகோத் தூள் டப்பாவில் எந்த முகமும் இல்லை. அத்தை அன்று கேட்ட கேள்வி கேக்கின் வெளிறிய நிறம் பற்றியதுதான். மறுநாள் அதைக் கேட்காமல் செய்த கருநிறத்திடம்தான் நாம் இன்னும் கேட்க வேண்டியவை இருக்கின்றன.