ஈயம் போன பின்னும் மண்ணில் இருப்பது

பினாங்கின் ஈயத் தொழில் உருக்காலைகளில் நடந்தது. பேராக்கில் அரித்தெடுத்த ஈய மணல் ரயிலிலும் படகிலும் வந்து, இங்கே கட்டியாகிக் கப்பலேறியது. லீ சின் ஹோ 1897இல் டத்தோ கிராமட் சாலையில் தொடங்கிய உருக்காலை, 1907இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனியின் கைக்குப் போனது. அக்கரையில், பட்டர்வொர்த்தில், ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1902இல் தன் ஆலையைத் திறந்தது. டத்தோ கிராமட் ஆலை இருந்த இடத்தில் இப்போது பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் வணிக வளாகம். பழைய அலுவலகக் கட்டடமான பர்ச் ஹவுஸை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஈயத் தொழில் போகும் இடமெல்லாம் மண்ணில் எதையாவது விட்டுப் போகும். ஈயக் கல்லோடு ஆர்சனிக்கும் காரீயமும் கலந்து வருவதுண்டு. உருக்கும்போது அவை புகையிலும் கசடிலும் சேர்கின்றன. சுரங்கத்தில் ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கரிய, கனமான மணலுக்கு மலேசியாவில் அமாங் என்று பெயர். அதில் இல்மனைட், ஸிர்கான், மோனசைட் எல்லாம் இருக்கும். மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் உண்டு. கூடவே தோரியமும் உண்டு. அந்தத் தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதன் முக்கியப் பங்குதாரர். அமாங்கிலிருந்து பிரித்த மோனசைட்டே மூலப்பொருள், தோரியம் ஹைட்ராக்சைடே கழிவு. கழிவைப் புதைக்கப் பாப்பான் சிற்றூர் அருகே குழிகள் வெட்டப்பட்டபோது, 1984இல், ஊரார் மறியலில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணை நின்றவை ஜார்ஜ்டவுனில் இயங்கிய இரண்டு அமைப்புகள்: பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும். இரண்டுக்கும் அன்று தலைவராக இருந்தவர் எஸ். எம். முகமது இட்ரிஸ், தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வணிகம் செய்தவர். மண்ணை அளக்கும் வேலையை ஆலையிடமே விட்டுவிடக் கூடாது என்பதில் இந்த அமைப்புகள் உறுதியாக நின்றன. இந்த வரலாற்றில் மிகவும் பயன் தந்த முடிவு அதுதான். ஜப்பானிலிருந்து கதிரியக்க வல்லுநர் சடாவ் இச்சிகாவா வந்து ஆலையைச் சுற்றி அளந்தார். வேலியில்லாத கழிவுக் குவியல் அருகே அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு கதிர்வீச்சு இருந்தது.

புக்கிட் மேரா ஊரார் எட்டுப் பேர் 1985இல் தொடுத்த வழக்கில் ஈப்போ உயர் நீதிமன்றம் அதே ஆண்டு இடைக்காலத் தடை விதித்தது. 1992 ஜூலை 11 அன்று ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ஆனாலும் அடுத்த மாதமே நிறுவனம் மூடும் முடிவை அறிவித்துவிட்டது.

துப்புரவுப் பணிக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவானது. ஆலையை இடித்து, சில இடங்களில் 25 அடி ஆழம்வரை மண்ணைத் தோண்டி, 11,000 லாரி நடைகளில் அள்ளிச் சென்றார்கள். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் ஒரு குன்றின் உச்சியை வெட்டி, அதன் வயிற்றில் புதைத்து, 20 அடிக்கு மேல் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். தோரியக் கழிவு நிறைந்த 80,000க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்களுக்கும் அதே குன்றுதான் இடமாகக் குறிக்கப்பட்டது.

இவ்வளவு மண்ணை அள்ளிய பிறகும் கேள்வி தீர்வதில்லை. குழியின் அடியிலும் பக்கங்களிலும் மிஞ்சிய மண் எப்படி இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாக, வெவ்வேறு ஆழங்களில் மாதிரி எடுக்கிறார்கள். மாதிரியை உலர்த்தி, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து மூன்று நான்கு வாரம் வைத்துவிடுவார்கள். ரேடியமும் அதிலிருந்து பிறக்கும் ரேடான் வாயு முதலானவையும் சமநிலைக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கும். அதன் பிறகே காமாக் கதிரை எண்ணும் கருவி. பழைய வரைபடங்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டங்கள் ஏமாற்றிவிடும்: கழிவுத் தொட்டி எங்கே இருந்தது, வாய்க்கால் எப்படி ஓடியது, லாரி எங்கே சாய்த்தது என்று தெரியாமல் போட்ட கட்டம் மாசைத் தாண்டிப் போகக்கூடும். அங்கே வேலை செய்தவர்களைக் கேட்பது இதனால்தான் கருவிக்கு ஈடான முக்கியத்துவம் பெறுகிறது.

கிடைத்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பது அதைவிடக் கடினம். ஈயம் விளைந்த பூமி கருங்கல் பூமி. அதன் மண்ணில் தோரியம் இயல்பாகவே அதிகம். ஐ.நா. கதிரியக்க அறிவியல் குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் மலேசிய மண்ணின் தோரியச் சராசரி கிலோவுக்கு 82 பெக்கரல். உலக நடுவளவு 30தான். ஆகவே உலக நடுவளவுக்கு இறக்க வேண்டும் என்று கேட்டால் யாராலும் முடியாது. இயல்பாகவே இப்படித்தான் என்று சொல்லி ஆலையின் எச்சத்தை மறைப்பதோ எளிது. ஆலை வருவதற்கு முன்பே அந்த இடத்தை அளந்து வைத்திருந்தால் மட்டுமே இந்தச் சிக்கல் சுலபமாகத் தீரும். அப்படி அளவு இல்லாதபோது, பக்கத்தில் கை படாத, அதே பாறையில் உருவான மண்ணைத் தேடிப் பிடித்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி, விடுவிக்கப்படும் நிலத்தில் எஞ்சும் மாசால் ஒருவருக்கு ஆண்டுக்கு 0.3 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடுதல் கதிர்வீச்சு சேரக் கூடாது என்கிறது. இயற்கை அளவுக்கு மேல் வரும் பங்குதான் கணக்கு.

மற்ற மாசுகளுக்கு மலேசியச் சுற்றுச்சூழல் துறை 2009இல் மூன்று வழிகாட்டிகளை வெளியிட்டது: மண்ணுக்கான பரிசோதனை அளவுகள், மதிப்பீடு, துப்புரவு. ஆர்சனிக்கில் அங்கும் அதே சிக்கல்தான். எடுத்துக்காட்டாக, குடியிருப்பு நிலத்துக்கு அன்றைய அமெரிக்கப் பரிசோதனை அளவு கிலோவுக்கு 0.39 மில்லிகிராம், மனிதர் கை படாத மண்ணே பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். கதிரியக்கமோ 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வேறொரு அலுவலகத்தின் பொறுப்பு. ஆகவே பழைய ஈய ஆலை நிலத்தை வாங்குபவர் இரண்டு இடங்களிலும் கேட்க வேண்டும்: காரீயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் ஓர் அறிக்கை, தோரியத்துக்கு இன்னொன்று.